ஹிரோஷி யோஷிடாவின் பனிமலை அச்சுகள்: கட்டை, காகிதம், தண்ணீர்

கேள்வி: ஜப்பானிய ஓவியர் ஹிரோஷி யோஷிடாவின் மலைப் படங்கள் பார்க்க வாட்டர்கலர் மாதிரியே இருக்கின்றன. ஆனால் எல்லாம் மரக்கட்டையில் அச்சடித்தவை என்கிறார்கள். வெயில் ஏறும் பனிச்சிகரத்தைக் கட்டையில் எப்படிக் கொண்டுவந்தார்? இதை வைத்துப் பிழைக்க முடிந்ததா? வீட்டில் தனி ஆளாக முயன்றால் எங்கே சறுக்கும்?

பதில்:

சிகரத்து வெயிலைச் செதுக்க முடியாது. எந்த இடம் நிறம் பிடிக்கும், எந்த இடம் பிடிக்காது என்பதோடு கட்டையின் வேலை முடிந்துவிடும். மற்றதெல்லாம் ஈரக் காகிதத்தின் மேல் நீர்த்த வண்ணத்தை எத்தனை தடவை, எந்த வரிசையில் ஏற்றுகிறோம் என்பதில் இருக்கிறது. யோஷிடாவின் படங்கள் சராசரியாக 30 தடவை அச்சேறியவை. நிக்கோ ஆலயத்தின் யோமெய் வாசலைக் காட்டும் 1937-ஆம் ஆண்டுப் படம் 96 தடவை. ஒரே காகிதம் 96 முறை கட்டையின்மேல் வைக்கப்பட்டு, தேய்க்கப்பட்டு, எடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு தடவை அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் அந்தத் தாள் வீண்.

இதற்கு நல்ல அத்தாட்சி அவரே தந்திருக்கிறார். 1925-இல் ஐரோப்பிய ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பகலாகவும் இரவாகவும் இரண்டு படங்கள் வெளியிட்டார். இரண்டும் ஒரே கட்டைகளிலிருந்து வந்தவை, மாறியது வண்ணம் மட்டும். 1926-இல் ஜப்பானின் செட்டோ உள்நாட்டுக் கடலைக் காட்டும் தொடரின் பாய்மரப் படகுகளை ஒரே கட்டைகளைக் கொண்டு காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என்று ஆறு விதமாக அச்சிட்டார். அந்த ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செதுக்கு எவ்வளவு, அச்சு எவ்வளவு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிழைப்பு பற்றிக் கேட்டீர்கள். அவர் இந்தத் தொழிலுக்குள் வந்ததே தாமதமாகத்தான். 1876-இல் கியூஷு தீவின் குருமேயில் பிறந்தவர். ஓவிய ஆசிரியர் ஒருவர் தத்தெடுத்ததால் யோஷிடா ஆனார். எண்ணெய் வண்ணமும் நீர்வண்ணமும்தான் அவருடைய பயிற்சி. 1899-இல் நண்பர் ஒருவரோடு அமெரிக்கா போய், டெட்ராய்ட்டிலும் பாஸ்டனிலும் நீர்வண்ணப் படங்களை விற்றுக் கையில் காசோடு திரும்பினார். 1920-இல் வத்தனாபே ஷோசபுரோ என்ற பதிப்பாளருக்காக முதல் மர அச்சுப் படம் வரைந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

அன்றைய ஏற்பாட்டில் ஓவியர் வரைந்து கொடுப்பார், செதுக்குபவர் செதுக்குவார், அச்சடிப்பவர் அச்சடிப்பார். முதல் போட்டு, எத்தனை தடவை அச்சேற்றுவது, எங்கே நிறுத்துவது, என்ன விலைக்கு விற்பது என்று முடிவு செய்பவர் பதிப்பாளர். 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் வத்தனாபேயின் கடை தீப்பிடித்து, கட்டைகளும் இருப்புப் படங்களும் சாம்பலாயின. மிஞ்சிய படங்களை எடுத்துக்கொண்டு யோஷிடா மறுபடி அமெரிக்கா போனார். அங்கே அவர் கண்டது இரண்டு விஷயம். எண்ணெய் ஓவியத்தைவிட மர அச்சுக்கு வாங்குபவர் அதிகம். அதோடு, சுமாரான பழைய அச்சுகளைக்கூட நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். 1925-இல் திரும்பி வந்ததும் பதிப்பாளர் நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டார். செதுக்குபவரையும் அச்சடிப்பவரையும் சம்பளத்துக்கு வைத்து, தன் வீட்டுக் கூடத்திலேயே வேலை வாங்கினார். சில கட்டைகளைத் தானே செதுக்கவும் செய்தார்.

அவருடைய தொழில் வாழ்க்கையில் மிக முக்கியமான முடிவு இதுதான் என்பேன். லாபத்தைப் பார்க்கும் பதிப்பாளர் எவரும் ஒரு படத்துக்கு 96 தடவை அச்சடிக்கக் கூலி கொடுக்கமாட்டார். கூலியையும் காலத்தையும் தன் கையில் வைத்திருந்ததால்தான் யோஷிடாவால் ‘இன்னும் ஒரு சாம்பல் நிறம் ஏற்று’ என்று சொல்ல முடிந்தது. ஓவியன் தன்னிடம் வேலை செய்யும் கைவினைஞரைவிட அந்த வேலையை நன்றாக அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1939-இல் ஆங்கிலத்தில் அவர் எழுதிய செய்முறை நூலும் அந்தப் பிடிவாதத்தோடுதான் நடக்கிறது.

மலை அவருக்கு விருந்தாளி போய்ப் பார்க்கும் இடமாக இல்லை. கோடைதோறும் சுமைகூலிகளோடு ‘ஜப்பான் ஆல்ப்ஸ்’ எனப்படும் நடு ஜப்பான் மலைத்தொடர்களுக்குப் போய், கூடாரம் அடித்துத் தங்கி வரைந்தார். 1926-இல் வெளிவந்த ‘ஜப்பான் ஆல்ப்ஸ் பன்னிரண்டு காட்சிகள்’ தொடரில் சுருகி, யாரி, ஹொடாகா சிகரங்களும், ஹரினோகி பனிப்பள்ளத்தாக்கும், குரோபே ஆறும், பாறைக்கோழியும் மலைப்பூவும் இருக்கின்றன. அதே ஆண்டு பிறந்த மகனுக்கு ஹொடாகா என்றே பெயர் வைத்தார். அந்தப் பிள்ளையும் பின்னாளில் அச்சோவியராக வந்தது தனிக் கதை. 1936-இல் மலை வரையும் ஓவியர்களுக்கென்று ஒரு சங்கத்தையும் தொடங்கினார். 1930-இன் கடைசியில் மூத்த மகன் தோஷியோடு இந்தியா வந்து, டார்ஜிலிங்கிலிருந்து காஞ்சன்ஜங்காவை வரைந்தார். அந்தப் பயணத்தில் பிறந்த படங்களில் நம் மதுரைக் கோயிலும் ஒன்று.

இனி வேலைக்கு வருவோம்.

மரம்: மலைச் செர்ரி. மரத்தை நீளவாக்கில் அறுத்த பலகைதான் பயன்படும். குறுக்கே அறுத்த வட்டத்தில் செய்வது மேற்கத்திய என்கிரேவிங், அது வேறு வித்தை. செர்ரி கெட்டியானது, இழை நெருக்கமானது. அரை மில்லிமீட்டர் கோடுகூட நூற்றுக்கணக்கான அச்சு தாங்கும். வீட்டில் கற்றுக்கொள்பவருக்கு அது தேவையில்லை. மேல் அடுக்கு மென்மையாகவும் முடிச்சில்லாமலும் இருக்கும் பிளைவுட் போதும். ஜப்பானில் இன்று மாணவர்கள் ஷினா மரப் பிளைவுட்டில்தான் பழகுகிறார்கள். தேக்கு வேண்டாம். அதன் எண்ணெய் நீர்வண்ணத்தைத் தள்ளிவிடும், அகன்ற இழை உளியை இழுத்துக்கொண்டு போகும். லினோலியத்திலும் இந்த முறை சரிவராது, தண்ணீர் முத்துமுத்தாக நின்றுவிடும்.

ஒரு படத்தின் கட்டைகள் எல்லாவற்றிலும் மர இழை ஒரே திசையில் ஓட வேண்டும். மரம் ஈரத்தில் இழைக்குக் குறுக்கேதான் அதிகம் உப்பும். ஒரு கட்டையில் இழை கிடையாகவும் இன்னொன்றில் நெடுக்காகவும் இருந்தால், நீங்கள் எவ்வளவு கவனமாகச் செதுக்கினாலும் பத்தாவது தாளுக்குள் நிறங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். இது பலரும் கோட்டைவிடும் இடம்.

வரைந்த கோட்டுப்படத்தை மெல்லிய காகிதத்தில் எடுத்து, முகம் கீழாக, மாவுப்பசையால் கட்டையில் ஒட்டுவார்கள். பசை லேசாக இறுகியதும் விரல்நுனியை நனைத்துப் பின்பக்கத்து நாரை உருட்டி உருட்டி எடுத்தால் கோடு மட்டும் தெரியும் ஒரு தோல் மிஞ்சும். துளி எண்ணெய் தடவினால் இன்னும் தெளியும். கத்தியை முஷ்டியில் பிடித்து, மறுகை விரலால் அலகை நடத்த வேண்டும். அலகு கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்க வேண்டும், அப்போதுதான் கோட்டின் அடி அகன்று நிற்கும். செங்குத்தாக வெட்டினால் முதலில் அழகாகத்தான் இருக்கும். ஈரமும் அழுத்தமும் சேர்ந்து சில பிரதிகளுக்குள் கோடு உதிர ஆரம்பிக்கும். முதல் வெட்டுக்கு எதிர்ச்சரிவில் இரண்டாவது வெட்டு, நடுவில் ஒரு சிறு பள்ளம். பிறகு குழிந்த வாயுள்ள உளியும் கொட்டாப்புளியும் கொண்டு வெற்றிடத்தைத் தோண்டி எடுப்பது. கோட்டருகே 2 மி.மீ. ஆழம் போதும். பெரிய வெற்றிடத்தின் நடுவில் 4, 5 மி.மீ. வேண்டும். இல்லாவிட்டால் ஈரக் காகிதம் அங்கே தொய்ந்து, தரையில் ஒட்டியிருக்கும் வண்ணத்தை எடுத்துக்கொள்ளும்.

கெந்தோ என்கிற அடையாளக்குழிதான் இந்த முறைக்கு உயிர். கட்டையின் உங்கள் பக்கத்து விளிம்பில், படத்திலிருந்து ஏறக்குறைய ஒரு செ.மீ. தள்ளி, வலது மூலையில் மூலைமட்டம் வடிவத்தில் ஒரு குழி. அதே விளிம்பில் இடப்புறமாகத் தள்ளி நேர்க்கோடாக இன்னொன்று. காகிதத்தின் மூலை முதலாவதில் அமரும், விளிம்பு இரண்டாவதில் முட்டும். ஆழம் காகிதத் தடிமனைவிடச் சற்றே அதிகம் இருந்தால் போதும், ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். காகிதம் முட்டும் சுவர் மட்டும் செங்குத்து. அங்கிருந்து படத்தை நோக்கித் தரை சரிந்து மேலேறி மட்டமாக வேண்டும்.

கோட்டுக்கட்டை முடிந்ததும், எத்தனை நிறக்கட்டைகளோ அத்தனை பிரதி எடுங்கள், கெந்தோ குழிகளின் கோடும் சேர்ந்து பதியும்படி. இந்தப் பிரதிகளை மட்டும் உலர்ந்த மெல்லிய காகிதத்தில் எடுக்க வேண்டும். நனைந்த தாளில் எடுத்தால் அது காயும்போது சுருங்கி, நிறக்கட்டையில் பொய்யான அளவை ஒட்டிவிடும். அவற்றை ஒவ்வொரு நிறக்கட்டையிலும் குப்புற ஒட்டி, அந்த நிறம் வரவேண்டிய இடத்தை மட்டும் விட்டு மற்றதைத் தோண்டுவது. கட்டையின் இரண்டு பக்கத்தையும் பயன்படுத்தலாம். செலவு பாதி, வளைவும் குறையும்.

காகிதம்: யோஷிடா பயன்படுத்தியது ஹோஷோ என்ற தாள். அது கோசோ என்கிற காகித மல்பெரியின் பட்டை நாரில் செய்வது. நார் நீளமானது. ஈரத்தில் முப்பது முறை தேய்த்தாலும் கிழியாததற்கு அதுவே காரணம். மரக்கூழ் டிராயிங் தாள் ஐந்தாறு தடவைக்குமேல் மேற்பரப்பு உரிந்து பஞ்சாகும். ஆனால் கோசோ தாள் அப்படியே வாங்கினால் வண்ணத்தைக் குடித்துப் பரப்பிவிடும். அதனால் தோசா பூச வேண்டும். மரத்தச்சர் பயன்படுத்தும் வச்சிரம் மாதிரியான விலங்குப் பசையும் படிகாரமும் சேர்ந்த கரைசல் அது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 20 கிராம் பசை, அதில் பாதி படிகாரம் என்று ஆரம்பிக்கலாம். பசையை இரவு முழுக்க குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்துக் கரைக்க வேண்டும். கொதித்தால் பிடிப்பு போய்விடும். படிகாரத்தைத் தனியே வெந்நீரில் கரைத்துச் சேர்த்து, துணியில் வடிகட்டி, சூடாறுவதற்குள் அகலத் தூரிகையால் தடவிக் கொடியில் காயவிட வேண்டும்.

சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க, ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உள்ளே போனால் பூச்சு போதாது. கண்ணாடிமேல் நிற்பதுபோல் நகராமல் நின்றால் அதிகம், வண்ணமும் அப்படியே மேலே நின்றுவிடும். படிகாரத்தைத் தாராளமாகப் போட்டால் இன்று தெரியாது. வருடங்கள் போனபின் தாள் மஞ்சளித்து முறியும்.

அச்சடிப்பதற்கு முதல்நாள் மாலையே தாள்களை ஈரமாக்க வேண்டும். பழைய செய்தித்தாளை நனைத்து, ஒரு நனைந்த தாள், அதன்மேல் இரண்டு அச்சுத்தாள், மறுபடி ஒரு நனைந்த தாள் என்று அடுக்கி, பாலித்தீனில் சுற்றி, மேலே பலகையும் பாரமும் வைத்தால் காலையில் எல்லாத் தாளிலும் ஈரம் சமமாக இருக்கும். தொட்டால் குளிர்ச்சி தெரியணும், கையில் ஈரம் ஒட்டக்கூடாது. கடற்கரை ஊர்க் கோடையில் இந்த அடுக்கு மூன்று நாள் தாங்கினாலே அதிகம், பூஞ்சை பிடித்துவிடும். வேலை நீளும் என்று தெரிந்தால் நடுவில் முழுவதும் உலர்த்திவிட்டு மறுபடி நனைப்பது நல்லது.

இப்போது உங்கள் சிகரம். ‘சுருகி மலையில் காலை’ போன்ற ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கீழே இருள் விலகாத சரிவில் முகாம், மேலே 2,999 மீட்டர் உச்சியில் மட்டும் வெயில். பனி வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான், அங்கே எந்தக் கட்டையும் தொடாது. வெயில் படும் பாறைக்கு முதலில் வெளிறிய மஞ்சள், முழுவதும் சமமாக. அதன்மேல் ஆரஞ்சு, உச்சியில் அழுத்தமாகத் தொடங்கிக் கீழே மறைந்துபோகும்படி. இப்படி நிறம் கரைந்து போவதற்குப் பொக்காஷி என்று பெயர். கட்டையில் இதற்கு ஒரு கீறல்கூடக் கிடையாது, முழுக்கத் தூரிகை வேலை.

முதலில் கட்டையின் அந்தப் பகுதியை ஈரத்துணியால் துடைத்து, நிறம் மறைய வேண்டிய பட்டையில் மட்டும் ஈரத்தைச் சற்று அதிகமாக விடுங்கள். தூரிகையின் ஒரு மூலையில் மட்டும் வண்ணம், மற்ற மூலையில் வெறும் தண்ணீர். வண்ண மூலை எப்போதும் உச்சிப் பக்கம் இருக்க, தூரிகையை எடுக்காமல் இடவலமாக நாலைந்து முறை ஓட்டினால் நடுவில் தானாகவே நிறம் இளகும். உடனே தாளை வைத்துத் தேய்க்க வேண்டும். சுணங்கினால் கட்டை காய்ந்து, கரைய வேண்டிய இடத்தில் ஒரு விளிம்புக்கோடு விழும். ஒரே தடவையில் ஆழமான நிறத்துக்கு ஆசைப்பட்டால் திட்டுத்திட்டாகத்தான் வரும். நீர்த்த வண்ணத்தில் மூன்று தடவை ஏற்றினால் அந்த ஆழம் நாருக்குள்ளிருந்து வரும். யோஷிடாவின் வானம் மேற்பரப்பில் பூசியதாகத் தெரியாததற்கு இதுவே காரணம். தாளின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் நிறம் ஊடுருவியிருப்பது தெரியும்.

நிழல் விழுந்த பனிக்கு மிக வெளிறிய நீலம். அதற்கடுத்து அவருடைய தனிக் கைவேலை: சாம்பல் கட்டைகள். நிழல், பள்ளம், தூரம் எல்லாவற்றுக்கும் நீர்த்த சாம்பலைத் தனிக் கட்டையில் ஏற்றி, அதன்மேல் நிறம் கொடுப்பார். பச்சையும் நீலமும் அந்தச் சாம்பலோடு சேர்ந்து அடங்கி, காற்றுக்கு அப்பால் இருப்பதுபோல் பின்வாங்கும். உக்கியோ-எ எனப்படும் பழைய ஜப்பானிய மர அச்சுப் படங்களில் கோட்டுக்கட்டை கறுப்பு மசியில் அழுத்தமாக நிற்கும். இவர் பல படங்களில் அந்தக் கோட்டையே பழுப்பிலும் சாம்பலிலும் அச்சிட்டு நிறத்துக்குள் கரைத்துவிட்டார். வாட்டர்கலர் என்று நீங்கள் ஏமாந்ததற்குப் பாதிக் காரணம் அந்தக் கோடு காணாமல் போனதுதான்.

தேய்க்கும் கருவி பாரென். 12, 13 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தட்டு. உள்ளே மூங்கில் மடல் நாரை முறுக்கிய கயிறு சுருளாக இருக்கும், வெளியே மூங்கில் மடலால் மூடிக் கட்டியிருக்கும். கயிற்றின் முடிச்சுகள்தான் அழுத்தத்தைப் புள்ளிப்புள்ளியாகக் கடத்துகின்றன. கை வலுவால் மட்டும் அழுத்தக்கூடாது, தோளும் உடம்பும் சேர்ந்து முன்னே சாய வேண்டும். அவ்வப்போது துளி எண்ணெய் தடவாவிட்டால் மடல் கிழியும். நல்ல பாரென் விலை தலைசுற்றும். தொடக்கத்தில் மாணவர்களுக்கான மலிவு வகையே போதும். உலோகத் தகட்டு அச்சுக்கான எச்சிங் பிரஸ் தேவையே இல்லை.

வண்ணத்தோடு அரிசிமாவுப் பசை துளி சேர்ப்பது ஏன் என்று கேட்பார்கள். பசை இல்லாமல் அடித்தால் எள் தூவியதுபோல் புள்ளிபுள்ளியாக வரும். பாறைக்கும் மூடுபனிக்கும் அதையே வேண்டும் என்று செய்வதுண்டு. சமமான வானம் வேண்டுமானால், ஒரு கை அகல இடத்துக்கு மிளகளவு பசை. கூடினால் நிறத்தின் ஓரங்களில் அடர்ந்த வரம்பு கட்டும்.

நிறம் விலகினால் உடனே கட்டையைக் குறை சொல்லாதீர்கள், விலகும் விதத்தைப் பாருங்கள். எல்லாத் தாளிலும் ஒரே அளவு, ஒரே திசையில் விலகினால் கெந்தோ தவறு. குழியின் சுவரை ஒரு சீவல் சீவியோ, மரச்சீவல் ஒன்றை ஒட்டியோ சரிசெய்யலாம். தாளுக்குத் தாள் ஏறுமாறாக விலகினால் தாளை வைக்கும் கை தவறு. முதல் சில தாள் சரியாக இருந்து போகப்போக விலகல் கூடிக்கொண்டே போனால் தாள் காய்ந்து சுருங்குகிறது. மின்விசிறியை நிறுத்தி, அடுக்கை ஈரத்துணியால் மூடுங்கள். மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டு நல்ல கட்டையைத் தூக்கிப்போட்டவர்கள் நிறையப் பேர். முதல் நாலைந்து அச்சு எப்போதுமே வெளிறித்தான் வரும், மரம் இன்னும் ஈரம் குடித்து முடிக்கவில்லை. அவற்றைச் செய்தித்தாளில் எடுத்துக் கழித்துவிட்டு நல்ல தாளைத் தொடங்குங்கள். முடிந்த அச்சுகளைக் கொடியில் போட்டால் நெளியும். ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்துப் பலகையால் அழுத்தி, ஒற்றுத்தாளை மாற்றி மாற்றித்தான் உலர்த்த வேண்டும்.

தனி ஆளாகச் செய்ய நினைப்பவருக்கு யோஷிடாவைவிட வால்டர் ஜே. ஃபிலிப்ஸ் நல்ல முன்மாதிரி என்பது என் எண்ணம். 1884-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1913-இல் கனடாவின் வினிபெக்கில் குடியேறியவர். பள்ளியில் ஓவியம் கற்பித்துக்கொண்டே 1917-இல் வண்ண மரவெட்டு ஆரம்பித்தார். ஆரம்பத்தில் அவருக்கு ஆசிரியரே கிடையாது. 1920-களின் நடுவில் இங்கிலாந்து போனபோது உருஷிபரா என்ற ஜப்பானிய அச்சாளரைச் சந்தித்து, காகிதத்துக்குப் பூச்சு போடுவதை அவரிடம்தான் சரியாகக் கற்றார். 1926-இல் தன் செய்முறையை நூலாகவே எழுதினார். ராக்கி மலைகளை வரையத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். 1940 முதல் பான்ஃப் கலைப்பள்ளியில் கற்பித்து, பிறகு அந்த மலையூரிலேயே வீடு கட்டிக் குடியிருந்தார். வரைவது, செதுக்குவது, அச்சடிப்பது எல்லாம் ஒரே ஆள். அதனால் கட்டைகள் குறைவு, நிறங்கள் குறைவு, கோடு பேசும். அவருக்கும் சோறு போட்டதில் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் முதல் படத்துக்குக் கணக்கு போட்டுப் பாருங்கள். நாலு பலகை, இரு பக்கமும் சேர்த்து எட்டுக் கட்டை. 12 தடவை அச்சேற்றம், 20 தாள். மொத்தம் 240 முறை தாளை வைத்து எடுக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் எட்டு மணி நேரம், செதுக்குவதைச் சேர்க்காமல். 20 தாளில் 14 தேறினால் நல்ல கை. ஆகவே ஏ5 அளவைத் தாண்ட வேண்டாம், மூன்று கட்டையோடு தொடங்குங்கள்: வானத்துக்கு ஒன்று, தூரத்து மலைக்கு ஒன்று, முன்னால் இருக்கும் சரிவுக்கு ஒன்று. கோட்டுக்கட்டையே வேண்டாம். மூன்றிலும் பொக்காஷி செய்தால் ஐந்தாறு நிறம் இருப்பதாகத் தோன்றும். சென்னையில் இருந்தால் லலித் கலா அகாதெமி மையத்தின் கிராஃபிக் கூடத்தில் அச்சோவியர்களின் வேலையை நேரில் பார்க்கலாம். அங்கே நடப்பதில் பெரும்பகுதி உலோகத் தகட்டு எச்சிங்கும் கல்லச்சு லித்தோவும் என்றாலும், தாளைக் கையாளும் ஒழுங்கை அங்கே பார்த்துக்கொள்வது பயன்படும்.

கடைசியாக, யோஷிடாவின் படம் ஒன்றை வாங்கும் எண்ணம் இருந்தால், இடப்பக்க வெற்று ஓரத்தின் மேற்பகுதியைப் பாருங்கள். ‘ஜிசூரி’ என்று இரண்டு ஜப்பானிய எழுத்தில் முத்திரை இருந்தால் அவர் மேற்பார்வையில் அச்சானது. சொல்லுக்குப் பொருள் ‘தானே அச்சிட்டது’. ஆனால் ஒவ்வொரு தாளையும் அவரே தேய்த்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள். வெளிநாட்டுக்குப் போன பிரதிகளில் கீழே பென்சிலில் ஆங்கிலக் கையெழுத்தும் தலைப்பும் இருக்கும். 1950-இல் அவர் இறந்தபின் குடும்பத்தார் அதே கட்டைகளில் அச்சிட்ட பிரதிகளில் ஜிசூரி முத்திரை இராது, கையெழுத்தும் முத்திரையாகக் குத்தியிருக்கும். அவையும் போலியல்ல, விலைதான் வேறு. பெரும்பாலான படங்களில் பிரதி எண் போடும் வழக்கம் இல்லை. ‘எண் இல்லை, ஆகவே போலி’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தாளின் பின்பக்கத்தைப் பார்க்க விடாமல் கண்ணாடிச் சட்டத்தோடு மட்டுமே விற்கிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.